மனைக்கேற்ற நாட்டு மரங்கள்

(உறுப்பினர் கல்விப் பாடம்)

'வீட்டுக்கு ஒரு மரம்' என்னும் சொல் நம் சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் ஒலிக்கின்றது. கன்றுகள் வழங்கப்படுகின்றன, நடப்படுகின்றன, அவ்வளவில் பலருடைய கவனம் நின்றுவிடுகின்றது. எந்த மனைக்கு எந்த மரம், எந்தத் திசையில், சுவரிலிருந்து எவ்வளவு தொலைவில் என்று கேட்பார் சிலரே. நூல் வாங்கும்போது நம்பர் பார்க்கின்றோம். விதை வாங்கும்போது இரகம் பார்க்கின்றோம். முப்பது நாற்பது ஆண்டுகள் நம் சுவரோரம் நிற்கப்போகும் மரத்தை மட்டும் கையில் கிடைத்தது என்பதற்காக நட்டுவிடுவது முறையாகுமா?

இப்பாடத்தின் கருத்து ஒன்றே. முதலில் இடத்தை அறிதல் வேண்டும். அவ்விடத்தில் நடக்கும் தொழிலை அறிதல் வேண்டும். அதன் பின்னர், இந்த மண்ணிலேயே தோன்றிப் பழகிய மரங்களுள் அவ்விரண்டிற்கும் பொருந்துவதைத் தேர்தல் வேண்டும். நெசவாளர்க்கும் உழவர்க்கும் மனை என்பது குடியிருக்கும் இடம் மட்டுமன்று; அதுவே தொழிற்கூடம். ஆதலின் மரத்தேர்வில் நேரும் பிழை அவர்களுடைய வருமானத்தையே தாக்கும்.

நாட்டு மரம் எது?

ஒரு நிலப்பகுதியில் மனிதர் கொண்டுவந்து சேர்க்காமல் தானே தோன்றி, அங்குள்ள மழை, மண், காற்று, பறவை, பூச்சி ஆகியவற்றோடு நெடுங்காலம் கூடி வாழ்ந்துவரும் மரத்தையே நாட்டு மரம் என்கின்றோம். வேம்பு, புங்கம், பூவரசு, புன்னை, நாவல், இலுப்பை, மகிழம், ஆத்தி, கொன்றை, வில்வம், விளா, உசில், வெட்பாலை, நுணா, பனை முதலியன இவ்வகையின.

நெடுநாள் பழக்கத்தால் நம்முடையவை என்று நாம் கருதும் சில, வெளியிலிருந்து வந்தவை. கொய்யா, பப்பாளி, சீத்தா, சப்போட்டா ஆகியன அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. புளி ஆப்பிரிக்காவில் தோன்றிப் பன்னூறாண்டுகளுக்கு முன்பே இங்கு வேரூன்றியது. வீட்டு வாயில்தோறும் காணப்படும் நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவினது. இவற்றை வெறுக்க வேண்டுவதில்லை. உணவு தரும் ஒரு கொய்யாவோ பப்பாளியோ மனையில் நிற்பதால் தீங்கொன்றும் இல்லை. எனினும் மனைக்கு நிழலும் காப்பும் வேலியுமாக நிலைத்து நிற்க வேண்டியவை நாட்டு மரங்களாக இருத்தலே நன்று.

ஏன் நாட்டு மரம்?

முதற் காரணம், நீர்ச் செலவு. ஈராண்டுகள் காத்து வளர்த்துவிட்டால், மண்ணுக்கேற்ற நாட்டு மரம் பின்னர் மழையைக் கொண்டே வாழ்ந்துகொள்ளும். குடிநீருக்கே குடம் தாங்கி நிற்கும் ஊர்களில் இஃது ஒரு பெரும் நன்மை.

இரண்டாவது காரணம், உறுதி. 2016 டிசம்பர் 12-இல் வீசிய வர்தா புயலில் சென்னையில் பல்லாயிரம் மரங்கள் வீழ்ந்தன. அவற்றுள் குல்மொகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி முதலிய, விரைவாக வளரும் அயல் மரங்கள் மிகுதி. நாட்டு மரங்களும் வீழ்ந்தன என்பதை மறைத்தற்கில்லை. வேர் ஓட இடமின்றிச் சிமெண்டுத் தளத்தில் சிறைப்பட்ட எம்மரமும் பெருங்காற்றுக்கு நில்லாது. ஆயினும் விரைவில் ஓங்கும் மரத்தின் கிளை விரைவில் ஒடியும் என்பது உழவர் யாவரும் அறிந்ததே.

மூன்றாவது காரணம், உயிர்த்தொடர்பு. நாட்டு மரத்தின் இலையைத் தின்னும் புழுக்கள் உண்டு. அப்புழுக்களைத் தம் குஞ்சுகளுக்கு ஊட்டும் குருவிகள் உண்டு. அக்குருவிகளே நம் வயலிலும் தோட்டத்திலும் புழு பொறுக்குகின்றன. கறிவேப்பிலையிலும் வில்வத்திலும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் உள. கொன்றையிலும் ஆவாரையிலும் முட்டையிடும் மஞ்சள் நிறத்தன உள. புங்கமும் வேம்பும் பூக்குங்கால் தேனீக்கள் திரளும். பூசணி, பீர்க்கு, சுரை பயிரிடும் உறுப்பினர்க்குத் தேனீயின் வருகை காய்ப்பின் அளவையே நிர்ணயிப்பதாகும்.

நான்காவது காரணம், பரவும் தீங்கைத் தவிர்த்தல். சீமைக்கருவேலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று பரப்பப்பட்ட அம்மரம், இன்று ஏரிகளையும் கண்மாய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிக்கொண்டு நிற்பதைக் காண்கின்றோம். விறகும் கரியும் தந்து சிலருக்குப் பிழைப்பளிப்பது உண்மையே. எனினும் அது கைக்கொண்ட நிலத்தை மீட்பது எளிதன்று. தமிழ்நாடு அரசு 2022-இல் இத்தகைய அயல் தாவரங்களைக் கட்டுப்படுத்துவதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அண்மைக் காலத்தில் சாலையோரங்களிலும் மதிலோரங்களிலும் பெருகிய கோனோகார்பஸ் என்னும் மரத்தை நடுவதற்குக் குஜராத் அரசு 2023-இலும் தமிழ்நாடு அரசு 2025-இலும் தடை விதித்தன. ஆகவே 'பசுமையாக இருக்கின்றது, விரைவில் வளர்கின்றது' என்னும் இரண்டு தகுதிகள் மட்டும் போதா.

ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் குடியிருப்பில் கண்டதை இங்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அங்கு விரைவில் வளரும் அயல் மரம் ஒன்று, வீடுதோறும் கிழக்குச் சன்னலுக்கு நேரே, சுவரிலிருந்து நான்கடித் தொலைவில் நடப்பட்டிருந்தது. ஆறாம் ஆண்டில் பகலிலேயே தறிக்கு மேல் விளக்கெரித்து நெய்ய வேண்டியதாயிற்று. அறுந்த இழை கண்ணிற் படாமல் துணியில் பழுது விழுந்தது. பழுதுக்குக் கூலியிற் கழிவும் விழுந்தது. இரண்டு வீடுகளில் வேர் தறிக்குழியின் செங்கற் கட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. ஐப்பசி மழையில் குழிக்குள் நீர் ஊறியது. குழியில் நீர் ஊறினால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பு நிற்கும். இறுதியில் கன்று இலவசமாக வந்த மரத்தை வெட்டுவதற்கு ஆட்கூலி கொடுத்தனர். இத்தனைக்கும் அதே தெருவின் கோடியில் மேற்குப்புறத்துப் புங்க மரம் ஒன்று, எவருக்கும் இடையூறின்றி இரண்டு வீடுகளுக்கு நிழல் தந்துகொண்டிருந்தது. மரம் நட்டது பிழையன்று. இடமறியாமல் நட்டதே பிழை.

இடத்தை அறிதல்

கன்று வாங்குமுன் உறுப்பினர் தம் மனையை ஒரு தாளில் வரைந்துகொள்ளுதல் நலம். வீடு, தறிக்கூடம், கிணறு, கழிவறைத் தொட்டி, மின்கம்பி, அண்டை வீட்டுச் சுவர் ஆகியவற்றைக் குறித்துப் பின்வரும் நான்கையும் ஆராய வேண்டும்.

திசை: நம் நாட்டில் பிற்பகல் வெயிலே கொடியது. மேற்குச் சுவர் அதை முழுதும் வாங்கி இரவு வரை வீட்டினுள் உமிழ்கின்றது. ஆகவே அடர்ந்த நிழல் தரும் மரத்திற்குரிய இடம் மேற்கு. கிழக்கிலும் வடக்கிலும் தறிக்கு வெளிச்சம் தரும் சன்னல்கள் இருப்பின், அப்பக்கம் இடுப்பளவு செடிகளே போதும். வறண்ட காற்றில் பருத்தி இழை எளிதில் அறும் என்பதை நெசவாளர் அறிவர். மேற்கு நிழலால் கூடத்தின் வெப்பம் தணிந்தால் இழைக்கும் நன்று, நெய்பவர்க்கும் நன்று.

மண்: செம்மண்ணுக்கு வேம்பு, உசில், ஆத்தி, கொன்றை, வெட்பாலை, நெல்லி பொருந்தும். கரிசலுக்கு வேம்பும் நாட்டுக் கருவேலமும் பழகியவை. கடலோர மணலுக்குப் புன்னை, பூவரசு, புங்கம், பனை ஏற்றவை. ஆற்றுப் பாய்ச்சலுள்ள வண்டல் நிலத்திற்கு மருதம், நாவல், இலுப்பை, பூவரசு உகந்தவை. உவர் தட்டிய மண்ணில் புங்கம், வேம்பு, நெல்லி ஆகியவை ஓரளவு தாங்கி வளரும்.

நீர்: மழைநீர் தேங்கும் மூலையும் காய்ந்து கிடக்கும் மேடும் ஒரே மனைக்குள் இருத்தல் கூடும். தேங்கும் இடத்தில் புங்கமும் மருதமும் நிற்கும். வேம்பு அங்கு அழுகிவிடும்.

தொலைவு: மரத்தின் முழு வளர்ச்சியை மனத்திற் கொண்டே தொலைவு கணக்கிட வேண்டும். சிறு மரத்திற்குச் சுவரிலிருந்து 8 முதல் 10 அடி, நடுத்தர மரத்திற்கு 15 முதல் 20 அடி, பெருமரத்திற்கு 30 அடிக்குக் குறையாமல் விடுதல் நல்லது. தறிக்குழி, கிணறு, கழிவறைத் தொட்டி ஆகியவற்றிற்கும் இக்கணக்கே பொருந்தும். ஆல், அரசு, அத்தி ஆகியவை நாட்டு மரங்களே. எனினும் அவை ஏரிக்கரைக்கும் ஊர்ப்பொதுவுக்கும் உரியவை. மனைக்குள் அவற்றை நடுதல் கூடாது. மின்கம்பியின் கீழ் எந்த ஓங்கிய மரத்தையும் நடலாகாது.

மரங்கள்

புங்கம்: மேற்குப்புறத்திற்கு இதனினும் சிறந்தது காண்டலரிது. மாசி பங்குனியில் இலையுதிர்த்து விரைவில் தளிர்த்துவிடும். கோடை முழுதும் நிழல் தரும். வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் குடும்பத்தது. தழை வயலுக்கு உரம், பிண்ணாக்கும் உரம், வித்து எண்ணெய் தரும். வேர் பரவுமாதலின் தொலைவு கட்டாயம் வேண்டும்.

வேம்பு: இதன் பயன் யாவரும் அறிந்தது. நிழலில் உலர்த்திய இலையைத் துணிப் பேழைகளில் இடுவது பழைய வழக்கம். பச்சை இலையை இட்டால் துணியிற் கறை படியும். நெசவாளர் இதனை நினைவிற் கொள்க.

பூவரசு: கிளையை வெட்டி ஊன்றினாலே தழைக்கும். ஆண்டு முழுதும் பசுமை மாறாது. கடலோரத்திற்கும் காவிரிப் படுகைக்கும் மிக ஏற்றது.

மகிழம்: மெல்ல வளரும், ஆயின் அடர்ந்த பசுமையும் மணமலரும் உடையது. பொறுமையுள்ளோர் அதனை நடலாம்.

கொன்றை: சித்திரையில் பொன்மாலை தொங்கவிடும் அழகுடையது. ஆனால் அது பூக்கும் காலத்தில் இலையுதிர்த்து நிற்கும். வெயில் கொடிய காலத்தில் நிழலின்றி நிற்கும் மரம் மேற்குச் சுவருக்கு உதவாது. வாயிற்புறத்தில், அழகு கருதி, இடமிருப்பின் நடலாம்.

நாவல்: பழம் இனியது, பறவைகளை அழைக்கும். ஆனால் ஆனி ஆடியில் உதிரும் பழம் கருநீலக் கறை படிவிக்கும். பாவு நீட்டிக் கஞ்சி போடும் வீதியிலும், சாயமிட்ட நூலை உலர்த்தும் முற்றத்திலும் நாவலை நடுவது நட்டத்திற்கு வழி. உழவர் தம் தோட்டத்து ஓரத்தில் தாராளமாக நடலாம். நுணாவின் கனிக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

ஆத்தி, வெட்பாலை, நெல்லி: இடம் சுருங்கிய மனைக்கு ஏற்ற சிறு மரங்கள். மூன்றும் வறட்சி தாங்குபவை. வெட்பாலையின் மென்மையான வெண்மரம் பொம்மை கடைசலுக்குப் பெயர் பெற்றது.

பனை: வளர்ச்சி மிகவும் மெதுவானது, பயன் அடுத்த தலைமுறைக்கு. தோட்டத்து எல்லையில் வரிசையாக விதை ஊன்றலாம். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஆதலின் ஊன்றும்போதே நிலையான இடத்தைத் தேர்ந்து ஊன்றுக.

செடிகளும் உயிர்வேலியும்

மதில் கட்டும் செலவைத் தாங்க இயலாத உறுப்பினர் பலர். அவர்கட்கு உயிர்வேலியே மதில். கரூர், தாராபுரம், காங்கேயம் பகுதிகளில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி நிற்பதைப் பலரும் பார்த்திருப்பர். உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் வளர, காங்கேயம் மாடுகள் மேய்கின்றன. மழைகுறைந்த அவ்வட்டாரத்தில் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் முறை அது. கிளுவைப் போத்தை மழை தொடங்கும் தறுவாயில் நெருக்கமாக ஊன்றினால் வேலி அமைந்துவிடும், விலை ஏதுமில்லை.

ஆடாதோடையை, அதன் பெயருக்கேற்ப, ஆடு தின்னாது. ஆடு மாடு திரியும் தெருவில் வேலிக்கு மிகவும் ஏற்றது. தழை வயலுக்கு உரமாகும். நொச்சி, வாய்க்கால் ஓரத்திலும் ஈரமான இடத்திலும் போத்திலிருந்து வளரும். உலர்த்திய இலையைத் தானியக் குதிரில் பூச்சிக்காக இடுவர். ஆவாரை, நீரற்ற மேட்டில் மஞ்சள் பூத்து நிற்கும். பொங்கற் காப்புக்கட்டுக்கு அதைத் தேடி அலைய வேண்டுவதில்லை. கிழக்குச் சன்னலின் கீழ் வெட்சி நட்டால் இடுப்பளவில் கத்தரித்து நிறுத்தலாம்; வெளிச்சம் தடைப்படாது. பவளமல்லிக்குச் சற்று உயரம் உண்டு; முற்றத்து மூலை அதற்குப் போதும்.

நாட்டுச் செடி என்பதால் மட்டும் தீங்கற்றது என்று கொள்ளலாகாது. நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு. அரளியும் நஞ்சுடையதே. சிறு குழந்தைகள் விளையாடும் மனையில் இவற்றைத் தவிர்க்க.

பல்லாண்டுப் பூண்டுகளும் கொடிகளும்

ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிலைக்கும் பூண்டுகளும் கொடிகளும் மரத்தின் கீழும் வேலியின் மீதும் இடத்தை நிரப்பும். வாய்க்கால் கரையில் வெட்டிவேர் மண்ணரிப்பைத் தடுக்கும். மரநிழலில் நன்னாரி படரும். குளிக்கும் நீர் பாயும் இடத்தில் வல்லாரை செழிக்கும். வேலியில் பிரண்டையும் சீந்திலும் ஏறும். பந்தலில் முல்லை இருப்பின் வீட்டார்க்குப் பூவும் உண்டு, விற்றால் சில்லறையும் உண்டு. தண்ணீர்விட்டான் கிழங்கு வேலியோரத்தில் தானே தழைக்கும்.

நெசவாளர்க்குத் தனியே நினைவூட்டத்தக்கவை சாயச் செடிகள். அவுரியின் இலையிலிருந்து நீலமும், சோழமண்டலக் கடற்கரை மணலில் விளையும் சாயவேர் என்னும் சிறு பூண்டின் வேரிலிருந்து சிவப்பும், நுணாவின் வேரிலிருந்து செந்நிறமும், பவளமல்லிப் பூவின் காம்பிலிருந்து பட்டுக்கேற்ற ஆரஞ்சு மஞ்சளும் எடுக்கப்பட்டன. வெட்பாலை இலையிலிருந்தும் நீலம் எடுத்தனர். கடல் கடந்து புகழ் பெற்ற சோழமண்டலக் கரையின் சித்திரச் சீலைகளுக்குச் சிவப்பேற்றியது சாயவேரே. 1868-இல் செருமானிய அறிஞர்கள் அலிசரின் என்னும் செஞ்சாயப் பொருளை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். 1897-இல் செயற்கை நீலமும் விற்பனைக்கு வந்தது. அதன் பின் இச்செடிகளின் பெருமை குன்றியது.

மனையில் நிற்கும் நான்கு செடிகளால் ஒரு சங்கத்தின் சாயத் தேவை நிறைவேறாது. அவ்வாறு எவரும் எண்ண வேண்டா. எனினும் இயற்கைச் சாயத் துணியைத் தேடி வாங்குவோர் இன்று உள்ளனர். சிறு அளவில் சாயமிட்டுப் பார்த்துக் கைப்பழகவும், நம் பிள்ளைகள் அத்தொழிலறிவை இழந்துவிடாமல் இருக்கவும் இச்செடிகள் மனையில் நிற்றல் வேண்டும்.

மூன்று மாதிரி மனைகள்

முதலாவது, தெருவோர நெசவாளர் வீடு. பின்புறத்தில் 20 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள இடம் மட்டும் உண்டு எனக் கொள்வோம். இதற்கு ஒரே ஒரு சிறு மரம் போதும்: சுவரிலிருந்து 10 அடி தள்ளி ஆத்தி அல்லது நெல்லி. ஒரு மூலையில் பவளமல்லி. கொல்லைச் சுவரோரம் கறிவேப்பிலை. கிழக்குச் சன்னலின் கீழ் வெட்சி. நீர் பாயும் இடத்தில் வல்லாரை. இங்குப் புங்கத்தையோ வேம்பையோ நடுவது பின்னாளில் வருத்தம் தரும். தெருவினர் கூடி, பாவு நீட்டும் பொதுவிடத்தின் மேற்கு ஓரத்தில் புங்க வரிசை ஒன்று நட்டால் எல்லார்க்கும் நிழல் கிட்டும்.

இரண்டாவது, மேட்டுநிலத் தோட்டத்து வீடு. மேற்கில் 20 அடி தள்ளி இரண்டு வேம்பு அல்லது புங்கம்; களத்து மேட்டில் உசில்; எல்லையில் கிளுவை வேலி; வேலியினிடையே பனைவிதை; வெற்று மேட்டில் ஆவாரை. தழை, தீவனம், நிழல் மூன்றும் இவ்வமைப்பில் கிட்டும்.

மூன்றாவது, காவிரிப் படுகை அல்லது கடலோர வீடு. 2018 நவம்பர் 16-இல் வீசிய கஜா புயலில் அப்பகுதியின் தென்னைகள் பெருந்தொகையாகச் சாய்ந்ததை எவரும் மறந்திலர். ஒரே இனத்தை மட்டும் நம்பி நிற்றல் எவ்வளவு இடர் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. தென்னையோடு, காற்று வரும் பக்கத்தில் புன்னை, பூவரசு, பனை ஆகியவற்றைக் கலந்து வரிசையாக நடுக. உள்வரிசையில் நொச்சியும் நிற்கட்டும்.

நடுதலும் காத்தலும்

ஆடியில் குழி எடுத்து ஆறவிட்டுப் புரட்டாசி, ஐப்பசி மழையோடு நடுதல் நம் மாநிலத்தின் பெரும்பகுதிக்கு ஏற்றது. குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் இருத்தல் வேண்டும். மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து குழியை நிரப்புக. உயரமான கன்றினும் தண்டு திரண்ட கன்றே சிறந்தது. பையினுள் வேர் சுருண்டு கிடக்கும் கன்றை விலக்குக. பையை முழுதும் கிழித்தெடுத்த பின்னரே நட வேண்டும். பையில் எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் நிற்கட்டும். ஆழப் புதைத்தால் தண்டு அழுகும்.

முதற் கோடையே கன்றுக்கு உண்மையான சோதனை. அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைக் கன்றருகே பதித்து நீர் நிரப்பினால், நீர் வீணாகாமல் மெல்லக் கசியும். காய்ந்த சருகு, வைக்கோல் ஆகியவற்றால் பாத்தியை மூடுக. சமையற் கழுநீரும் கஞ்சி கழுவிய நீரும் பயன்படும். சாயப்பட்டறைக் கழிவுநீரை மட்டும் ஒருகாலும் ஊற்றலாகாது. அதிலுள்ள உப்பு மண்ணையே கெடுத்துவிடும். ஈராண்டுகள் வரை ஆடு மாட்டிலிருந்து முள்கூண்டு கட்டிக் காக்க வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

தனியொருவர் தேடி அலைவதைச் சங்கம் எளிதில் செய்து முடிக்கலாம். கூட்டுறவின் பயனே அதுவன்றோ? முதற்பணி, ஊர்வலம் வந்து பார்த்தல். ஏரிக்கரை, கோயிற்காடு, பழைய சாலையோரம் ஆகியவற்றில் எவரும் நீரூற்றாமல் நிற்கும் மரங்கள் எவை என்று ஐந்தாறு உறுப்பினர் சேர்ந்து குறித்துவர வேண்டும். அப்பட்டியலைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை. அம்மண் தானே எழுதி வைத்த பட்டியல் அது. முதியோரை உடன் அழைத்துச் சென்றால் பெயரும் பயனும் அவர்களே சொல்வர்.

இரண்டாம் பணி, கூட்டு நாற்றங்கால். உறுப்பினர் 150 பேர்க்கு இரண்டு கன்று வீதம் 300 வேண்டும். இழப்பை எண்ணி 400 பைகள் போடுக. புங்க வித்தைச் சித்திரை வைகாசியில் சேகரிக்கலாம். வேப்பம் வித்து ஆனி ஆடியில் கிடைக்கும். அதன் முளைப்புத் திறன் சில வாரங்களிலேயே குன்றிவிடுமாதலின் உடனே விதைத்தல் வேண்டும். கொன்றை வித்தின் தோல் கடினமானது. ஓரத்தைக் கல்லில் உராய்ந்து ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைக்க. பூவரசு, கிளுவை, நொச்சி, ஆடாதோடை ஆகியவை போத்திலிருந்தே வளர்வதால் அவற்றிற்குப் பையும் வேண்டுவதில்லை.

மூன்றாம் பணி, மரப்பதிவேடு. உறுப்பினர் எண், நட்ட மரம், திசை, நட்ட நாள், முதலாண்டு நிலை, மூன்றாமாண்டு நிலை என ஆறு கலங்கள் போதும். பல இடங்களில் நட்ட கன்றின் எண்ணிக்கை மட்டும் அறிக்கையில் ஏறுகின்றது. பிழைத்த கன்றின் எண்ணிக்கையைக் கேட்பாரில்லை. வரவை எழுதி இருப்பை எழுதாத கணக்கு எத்தகைய கணக்கு? நம் சங்கங்களில் மூன்றாமாண்டு இறுதியில் உயிரோடு நிற்கும் மரமே கணக்கிற் சேரட்டும். பட்டுப்போனவற்றிற்குக் காரணமும் எழுதப்படட்டும். மண் பொருந்தாமையா, நீரின்மையா, ஆடு கடித்ததா என்பது தெரிந்தால் அடுத்த ஆண்டின் தேர்வு திருந்தும்.

ஆய்வுக் குழுவிற்கு வினாக்கள்

1. நம் ஊரில் நீரூற்றாமல் நிற்கும் நாட்டு மரங்கள் பத்தின் பெயர் கூறுக. அவற்றுள் மனைக்கு ஏற்றவை எவை? ஊர்ப்பொதுவுக்கு ஏற்றவை எவை?

2. உங்கள் தறிக்கூடத்திற்கு வெளிச்சம் எத்திசையிலிருந்து வருகின்றது? அத்திசையில் இப்போது நிற்பது என்ன?

3. கொன்றை மேற்குச் சுவருக்கும் நாவல் பாவு நீட்டும் வீதிக்கும் ஏன் பொருந்தா?

4. கடந்த மூன்றாண்டுகளில் நம் சங்கத்தின் வழி நடப்பட்ட கன்றுகள் எத்தனை? இன்று நிற்பவை எத்தனை? வேறுபாட்டிற்குக் காரணம் யாது?

இந்நான்காவது வினாவிற்கு அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திற்கு முன் விடை காணுதல் வேண்டும். அவ்விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஆடியில் குழி எடுத்தால், புரட்டாசியில் எந்தக் கன்றை எங்கு நடுவது என்பதில் ஐயம் எழாது.